சீனப் போர்க்கப்பலுக்குள் மாலுமி எப்படி வாழ்கிறார்?

கேள்வி: 055 வகை நாசகாரியின் உட்புறம் என்று பகிரப்படும் படங்கள் ஓட்டல் மாதிரி இருக்கின்றன. புதிய சீனப் போர்க்கப்பல்களில் மாலுமிகள் உண்மையிலேயே இப்படித்தான் வாழ்கிறார்களா? பழைய கப்பல்களுக்கும் இவற்றுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்:

படங்கள் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த அறையைப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மர நிறச் சுவர், நீள மேசை, சாய்வு இருக்கை தெரிந்தால் அது பெரும்பாலும் கூட்ட அறை. வெளிநாட்டுத் துறைமுகத்தில் தூதர்களையும் அந்நாட்டு அதிகாரிகளையும் உட்காரவைப்பது அங்கேதான். கப்பலின் கம்யூனிஸ்ட் கட்சிக் குழு கூடிப் பேசவும் ஓர் இடம் வேண்டும். சீனக் கடற்படையில் கேப்டனுக்குச் சமமான நிலையில், கட்சியின் சார்பில், அரசியல் ஆணையர் ஒருவர் ஒவ்வொரு பெரிய கப்பலிலும் இருக்கிறார். வேறு கடற்படைகளில் கப்பல் தலைவருக்கு ஒரு பெரிய கேபின் போதும். இங்கே வரைபடத்திலேயே அதற்கு இணையாக இரண்டாவது கேபினுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். 300 பேர் இருக்கும் கப்பலில் இந்த அறைகளை வைத்து வசதியை எடைபோடுவது, கல்யாண மண்டபத்தின் மணமேடையைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிப் பேசுவது போன்றது.

வசதியைச் சரியாக அளக்க வேண்டுமானால் ஐந்தைப் பார்க்க வேண்டும்: தூங்கும் இடம், காற்று, தண்ணீர், சத்தம், சூடான சாப்பாடு. இந்த ஐந்திலும் சீனக் கப்பல்கள் கடந்த இருபது ஆண்டுகளில் வெகுதூரம் முன்னேறியிருக்கின்றன. காரணம், கப்பல்கள் கரையைவிட்டு மாதக்கணக்கில் விலகியிருக்க ஆரம்பித்ததுதான்.

முதலில் ஒரு முரட்டுக் கணக்கு. 1971இல் சேவைக்கு வந்த 051 வகை நாசகாரி முழுச் சுமையில் சுமார் 3,700 டன். ஆட்கள் ஏறத்தாழ 280. அதாவது தலைக்கு 13 டன். 2014இல் குன்மிங் கப்பலோடு தொடங்கிய 052டி வகை நாசகாரி சுமார் 7,500 டன். ஆட்கள் அதே 280. தலைக்கு 27 டன் ஆகிவிட்டது. 2020 ஜனவரியில் சேவைக்கு வந்த நான்சாங், 055 வகையின் முதல் கப்பல், 12,000 டன்னைத் தாண்டும். ஆட்கள் 300க்குச் சற்று மேல். தலைக்கு 40 டன் வரும். கூடிய எடையில் பெரும்பங்கை ஏவுகணைக் குழல்களும் ரேடாரும் மின்னாக்கிகளும் தின்றுவிடுகின்றன என்பது உண்மைதான். மிச்சத்தில்தான் மாலுமிக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

ஆள் எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. 2024 ஆகஸ்ட் 26 அன்று 052டி வகையைச் சேர்ந்த ஹெஃபெய் கொழும்புக்கு வந்தது. அதே நாளில் இந்தியாவின் ஐஎன்எஸ் மும்பையும் வந்தது. இலங்கைக் கடற்படை அறிவித்த கணக்குப்படி ஹெஃபெய்யில் 267 பேர், மும்பையில் 410 பேர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக் கப்பல்கள். மும்பை 2001இல் சேவைக்கு வந்தது, தானியக்கம் குறைந்த காலத்தது; அதனால் குறை சொல்ல முடியாது. ஆனால் 140 பேர் குறைந்தால் அத்தனை படுக்கை, அத்தனை அலமாரி, ஆளுக்கு 100 லிட்டர் கணக்கில் ஒரு நாளைக்குப் பதினான்கு டன் தண்ணீர் மிச்சம். உட்புற வடிவமைப்பாளர் என்னதான் கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த மிச்சத்தை அவரால் உண்டாக்க முடியாது.

051 வகையின் காலத்தில் கப்பல் முழுமைக்குமான குளிர்சாதன ஏற்பாடே கிடையாது. கரையோரம் சில நாள் சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பலுக்கு அது போதும் என்று நினைத்தார்கள். 2002இல் சிங்தாவ் நாசகாரியும் தைச்சாங் துணைக்கப்பலும் 132 நாளில் உலகைச் சுற்றிவந்தன. அது ஒருமுறை செய்துகாட்டிய பயணம். வழக்கமாக ஆனது 2008 டிசம்பர் 26க்குப் பிறகு. அன்று வூஹான், ஹைகோ என்ற இரண்டு நாசகாரிகளும் வெய்ஷான்ஹூ என்ற வழங்கல் கப்பலும் தென்சீனத் துறைமுகமான சான்யாவிலிருந்து, கடற்கொள்ளையரைத் தடுக்க ஏடன் வளைகுடாவுக்குப் புறப்பட்டன. 124 நாள் கழித்துத் திரும்பின. அதன் பிறகு ஒரு குழு திரும்பும் முன் அடுத்தது என்று இடைவெளியில்லாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கீரை எத்தனை நாள் தாங்கும், எந்தக் கேபினில் தூக்கம் வராது, எந்தக் குழாய் முதலில் அடைக்கும் என்பதெல்லாம் இந்தப் பயணங்களில்தான் தெளிவாகும். அங்கே படித்த பாடம் அடுத்துக் கட்டிய கப்பல்களின் வரைபடத்துக்குப் போகும்.

இனி படுக்கை. அதிகாரிகளுக்கு ஓரிருவர் தங்கும் கேபின், மாலுமிகளுக்குப் பலர் சேர்ந்து தங்கும் கேபினில் அடுக்குப் படுக்கை. இது எல்லாக் கடற்படைக்கும் பொது. தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையே சுமார் 2.6 மீட்டர் இருந்தாலும், காற்றுக் குழாய், கேபிள் தட்டு, தீயணைப்புக் குழாய் எல்லாம் போக நிற்க மிஞ்சுவது 2.1 மீட்டர். அடியில் 30 சென்டிமீட்டர் பெட்டிக்கு. மீதியை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 60. மெத்தையும் சட்டமும் போக 50. அந்த உயரத்தில் எழுந்து உட்கார முடியாது. புரண்டுதான் இறங்க வேண்டும். இரண்டு அடுக்காக்கினால் உட்காரலாம், ஆனால் அதே தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் குறைவார்கள். இதனால்தான் படத்தில் முதலில் எண்ண வேண்டியது அடுக்குகளை. திரைச்சீலை, வாசிப்பு விளக்கு, காற்று வாய் மூன்றும் தனித்தனியாக ஒவ்வொரு படுக்கைக்கும் இருந்தால் நல்ல கேபின். வெவ்வேறு நேரத்தில் காவல் மாறும் ஆட்கள் ஒரே அறையில் இருப்பதால் தலைமேல் இருக்கும் பொது விளக்கு பெரிய எதிரி.

போர்வையைத் தோஃபு என்ற சோயாப்பால் கட்டி போல மூலை மடிப்போடு மடித்துவைப்பது சீனப் படை வழக்கம். அது கப்பலிலும் உண்டு. அழகாக இருக்கும். பகலில் தூங்க வேண்டிய இரவுக் காவலருக்கு அதனால் என்ன நன்மை என்பது வேறு கேள்வி.

படுக்கை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. மூக்குப் பக்கம் போகப்போக மேலும் கீழுமாகத் தூக்கிப் போடும். வாந்தியைக் கிளப்புவது பெரும்பாலும் அந்த ஆட்டம்தான். பின்பக்கத்தில் சுழலியின் அதிர்வு. நடுப்பகுதியையோ எஞ்சின் அறைகளும் போர்க்கட்டுப்பாட்டு அறையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே இளைய மாலுமிகள் முன்னாலோ பின்னாலோதான் போக வேண்டியிருக்கும். 1,500 டன்னுக்குள் அடங்கும் 056 வகைக் கொர்வெட் என்ற சிறிய போர்க்கப்பலில் இந்தத் தேர்வும் கிடையாது. எங்கே படுத்தாலும் ஆட்டம்தான்.

சத்தத்துக்கு வருவோம். வணிகக் கப்பல்களுக்கு 2014 முதல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் விதி உண்டு: 10,000 டன்னுக்குக் குறைந்த கப்பலில் தூங்கும் கேபினில் 60 டெசிபல், பெரிய கப்பலில் 55. போர்க்கப்பலுக்கு அந்த விதி கட்டாயமில்லை, ஆனால் நல்ல அளவுகோல். சீனாவுக்கு ஜி.ஜே.பி. 4000 என்ற தனிப் பொதுத் தரக்கோவை 2000ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. கேபின் வசதிகளுக்கு அதில் தனிப் பகுதி உண்டு.

நாசகாரியைவிடச் சிறிய 054ஏ வகை ஃபிரிகேட் கப்பலை ஓட்டுவது நான்கு டீசல் எஞ்சின்கள். 055இல் நான்கு வாயு விசையாழிகள் (கேஸ் டர்பைன்). தூங்குகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். விசையாழியின் சத்தம் கீச்சென்ற உயர் அலைவரிசை; மூடிய கூட்டுக்குள் வைத்துப் பஞ்சு அடைத்தால் பெருமளவு அடங்கும். டீசலின் சத்தம் அடித்தொண்டையில் வருவது; எஃகு வழியாகவே நடந்து நாலு அறை தாண்டிப் படுக்கைச் சட்டத்தில் உறுமும். அதற்கு எஞ்சினை ரப்பர்த் தாங்கிகளின் மேல் உட்காரவைக்க வேண்டும், கேபின் தரையையும் கல்பஞ்சின் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) மேல் மிதக்கவிட வேண்டும். இவ்வளவு செய்தும் கெடுவது எங்கே தெரியுமா? எஞ்சினிலிருந்து புறப்படும் குழாயில் நெளிவு இணைப்பு போடாமல் விட்டால், ரப்பர்த் தாங்கியைச் சுற்றிக்கொண்டு சத்தம் குழாய் வழியே போய்விடும். கேபின் சுவர்ப் பலகையைத் தாங்க ஒரு சிறு எஃகுத் துண்டை எஞ்சின் அறைச் சுவரோடு பற்றவைத்தாலும் அதே கதி. தாங்கியின் ரப்பரும் ஆண்டுகள் ஆக ஆக இறுகிவிடும். புதிதில் அமைதியாக இருந்த கப்பல் பத்தாண்டில் இரையும்.

மிதக்கும் தரையை எல்லா இடத்திலும் போட முடியாதா என்று கேட்பார்கள். சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் எடை. 500 சதுர மீட்டருக்கு 10 டன். அதை மேல்தளங்களில் ஏற்றினால் கப்பலின் நிலைப்பு குறையும். சுவர்ப் பலகை விஷயத்திலும் இதே இழுபறிதான். எஃகுத் தகடுகளுக்கிடையே கல்பஞ்சு வைத்தது தீயைத் தாங்கும், கனமானது. அலுமினியத் தேன்கூட்டுப் பலகை இலேசு, தீயில் சீக்கிரம் தளரும். மரநிறமாகத் தெரிவதை மரம் என்று நம்பிவிடாதீர்கள். தகட்டின் மேல் ஒட்டிய படலமாகவே பெரும்பாலும் இருக்கும். தீ பிடிக்கும் அலங்காரத்தைப் போர்க்கப்பலில் எவரும் விரும்புவதில்லை.

காற்று. புதிய நாசகாரிகளின் மாலுமிக் கேபின்களில் சன்னல் கிடையாது. அணு, உயிரி, வேதித் தாக்குதலின்போது உள்ளே அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வெளிக்காற்றைத் தடுக்க வேண்டும் என்பதால் கப்பலின் உள்பகுதி மூடிய கூடாகவே கட்டப்படுகிறது. 055இல் நங்கூரம், கயிறு கட்டும் இடம்கூடக் கூரைக்கு உள்ளே. ஆகவே ஏசி நின்றால் கப்பலில் இருக்க முடியாது. ஏசியை நடத்துவது குளிர்நீர் இயந்திரங்கள். அதே குளிர்நீரை எதிர்பார்த்து நிற்கும் இன்னொரு வாடிக்கையாளர் ரேடாரும் கணினிகளும். 052டியின் 346ஏ ரேடார் திரவத்தால் குளிர்விக்கப்படுவது. அதற்குக் குறைவு வரக்கூடாது. ஒரு குளிர்நீர் இயந்திரம் நின்றால் முதலில் துண்டிக்கப்படுவது கேபின்கள், கடைசியில்தான் ரேடார். எந்த நாட்டுப் போர்க்கப்பலிலும் வரிசை இதுதான்.

நிற்பதற்குக் காரணம் பலநேரம் அற்பமானது. இயந்திரத்தின் வெப்பத்தைக் கடல்நீர்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏடன் வளைகுடாவில் கோடையில் கடலே 30 டிகிரியைத் தாண்டும். அதில் சொறிமீனோ பிளாஸ்டிக் பையோ வடிகட்டியை அடைத்தால் அழுத்தம் ஏறி இயந்திரம் தானாக நின்றுவிடும். இன்னொரு தொல்லை ஈரம். கப்பலின் வெளித்தகட்டை ஒட்டிய கல்பஞ்சுக்கு மேல் ஆவித்தடுப்புப் படலம் இருக்கும். கேபிள் இழுக்க வந்தவர் அதைக் கிழித்துவிட்டு ஒட்டாமல் போனால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். முதலில் பூஞ்சை வாடை, பிறகு பலகைக்குப் பின்னால் துரு. கேபினில் பூசணம் மணத்தால் படுக்கையைத் துவைப்பதைவிடப் பலகையைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி.

தண்ணீரைக் கப்பலே உண்டாக்குகிறது, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரத்தால். 280 பேருக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 28 டன். இரண்டு இயந்திரத்தில் ஒன்று படுத்தால் குளியலுக்கு நேரம் குறிக்க வேண்டிவரும். துறைமுகத்திலும் ஆற்று முகத்துவாரத்திலும் இதை ஓட்டக்கூடாது. எண்ணெயும் சேறும் சவ்வைப் பாழாக்கும். கிருமிக்காகக் குளோரின் கலந்த நீர் தப்பித் தவறி உள்ளே போனாலும் சவ்வு போச்சு. சீனக் கப்பலில் கூடுதலாக ஒரு தேவை: கொதித்த நீர். பச்சைத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் அவர்களிடம் குறைவு, தேநீரோ வெந்நீரோதான். ஆகவே நடைவழிகளில் மின்சாரக் கொதிநீர்ப் பெட்டி வைப்பார்கள். ஆடும் கப்பலில் கொதிநீரைத் தூக்கிக்கொண்டு செங்குத்து ஏணியில் ஏறுவது ஆபத்து என்பதால் தளத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

சாப்பாடுதான் இதில் சுவையான பகுதி. சீனச் சமையலின் உயிர் வாணலியும் தீயும். போர்க்கப்பலில் திறந்த தீ ஆகாது. ஆகவே மின்காந்த (இண்டக்ஷன்) அடுப்பின் மேல் குழிவான பெரிய வாணலி, நீராவிச் சுவர் கொண்ட அண்டா, நீராவி அலமாரி. அதிக வெப்பத்தில் எண்ணெய் விட்டு வதக்குவதால் எண்ணெய்ப் புகை காற்றுக் குழாய்க்குள் போய்ப் படியும். அவித்தும் வேகவைத்தும் சமைக்கும் கப்பலைவிட இங்கே குழாயில் தீப்பிடிக்கும் அபாயம் அதிகம். எண்ணெய் வடிகட்டியை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும், குழாய்க்குள்ளேயே தீயணைப்பு வாய் இருக்க வேண்டும், குழாயைத் திறந்து துடைக்கக் கதவு வேண்டும். அந்தக் கதவின் முன்னால் அலமாரியைப் பொருத்திவிட்டால் யாரும் துடைக்க மாட்டார்கள்.

சோறு நீராவி அலமாரியில், தட்டுகளில் வேகும். கடைகளில் கிடைக்கும் வழக்கமான தட்டு 60க்கு 40 சென்டிமீட்டர், ஆழம் 5க்குள். கப்பல் 10 டிகிரி சாய்ந்தால் 60 சென்டிமீட்டர் நீளத்தில் நீர்மட்டம் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 10 சென்டிமீட்டர் வேறுபடப் பார்க்கும். நீர் வழியும், ஒரு பக்கம் அரிசி வேகாமல் நிற்கும், மறுபக்கம் குழையும். பரிகாரம் எளிது: தட்டின் குறுகிய பக்கம் கப்பலின் குறுக்கே வரும்படி வைப்பது, மூடியுள்ள ஆழமான பாத்திரத்துக்கு மாறுவது, அரிசியை முன்பே ஊறவைத்துத் தட்டில் நீரைக் குறைப்பது. கடல் இன்னும் மோசமானால் வதக்கலை நிறுத்திவிட்டு ஆவியில் வேகும் பண்டங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சூடான எண்ணெய் வாணலியைவிட்டு வெளியே வந்தால் அன்றைக்குச் சமையல்காரர் மருத்துவ அறையில்.

வடக்கத்தியருக்கு மாவுப் பண்டம், தெற்கத்தியருக்குச் சோறு. கப்பலில் எல்லா மாகாணத்தாரும் கலந்திருப்பதால் மாவு பிசையும் இயந்திரமும், ஆவியில் வேகும் மான்தோ உருண்டைக்கு இடமும் வேண்டும். இரவுக் காவலருக்கு நள்ளிரவுச் சாப்பாடு தனி. சீனப் படையில் உணவுத் தரமே படிப்படியாக வகுத்தது: விமானிக்கு ஒன்று, நீர்மூழ்கிக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. கரைப்படையை ஒப்பிட்டால் கடலோடிக்குக் கூடுதல்.

நீண்ட பயணத்தில் சிக்கல் இறைச்சியில் இல்லை, அது உறைந்து கிடக்கும். சிக்கல் பச்சைக் காய். கீரை ஒரு வாரம் தாண்டுவது கடினம். பிறகு முட்டைகோஸ், அதன் பிறகு வெண்பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம், காரட். ஆப்பிளையும் கீரையையும் ஒரே குளிரறையில் வைத்தால் ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கீரையைப் பழுக்கவைத்துவிடும். அறை இரண்டு வேண்டும். பச்சைக்குக் கைகொடுப்பது முளைப்பயறு. ஒரு கிலோ பாசிப்பயறு நாலைந்து நாளில் ஏழெட்டுக் கிலோ முளையாகும். ஆனால் நாளுக்குப் பலமுறை நீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் இயந்திரம் படுத்த வாரத்தில் முளையும் கிடையாது. காய்ந்த சோயாவிலிருந்து பாலும் தோஃபுவும் கப்பலிலேயே செய்யலாம், இடமும் குறைவாகப் பிடிக்கும்.

பெண் மாலுமிகள் வந்தபிறகு தளவமைப்பில் இன்னொரு கணக்கு சேர்ந்தது. நாசகாரிக்குத் தலைமையேற்ற முதல் சீனப் பெண் என அறியப்படும் வெய் ஹுய்ஷியாவ், 052டி வகை ஷாவ்ஷிங் கப்பலின் கேப்டனானார். தனிக் கேபினும் தனிக் கழிவறையும் ஒரு தொகுதியாக ஒதுக்க வேண்டும். எட்டுப் படுக்கைத் தொகுதியில் ஐந்து பெண்களை அனுப்பினால் மூன்று படுக்கை காலி. ஆகவே எத்தனை பெண்கள் என்பதைப் பல நேரம் ஆளெடுப்பை விடக் கேபினின் அளவே தீர்மானிக்கிறது. நாசகாரியைவிட விமானந்தாங்கியில் இது எளிது.

விமானந்தாங்கி தனி உலகம். சீனாவின் முதல் விமானந்தாங்கியான லியாவ்னிங் சோவியத் காலத்தில் உக்ரைனின் மிகோலாயிவில் கட்டத் தொடங்கி, தாலியானில் முடித்து 2012 செப்டம்பர் 25 அன்று சேவைக்கு வந்தது. உள்ளே 3,000க்கும் மேற்பட்ட அறைகள். கடை, உடற்பயிற்சிக்கூடம், துணி வெளுக்கும் இடம், தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் மெஸ் எல்லாம் உண்டு. புதிதாக ஏறியவர் வழி தவறுவது சாதாரணம். கதவின் மேல் எழுதிய எண்ணைப் படிக்கக் கற்பதே முதல் வாரப் பாடம். லியாவ்னிங்கும் இரண்டாவது விமானந்தாங்கியான ஷாண்டோங்கும் நீராவிக் கொதிகலன் கப்பல்கள். கொதிகலன் அறைக்கு மேலும் பக்கத்திலும் விழுந்த கேபின்களுக்கு ஏசி எவ்வளவு போட்டாலும் தரை சுடும்.

மறுமுனையில் 022 வகை ஏவுகணைப் படகு: சுமார் 220 டன், பன்னிரண்டு பேர். அங்கே வசதியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, வாழ்வதற்குக் கட்டியதல்ல. வேலை முடிந்ததும் கரைக்கு வந்துவிட வேண்டியது.

பழைய கப்பலுக்கும் புதியதற்கும் இடையிலான தூரத்தை இலங்கைக் கடற்படையினர் கண்ணாலேயே பார்க்கலாம். 1994இல் சீனக் கடற்படையில் சேர்ந்த டொங்லிங் என்ற 053எச்2ஜி வகை ஃபிரிகேட் 2019இல் அவர்களுக்குக் கையளிக்கப்பட்டு, இன்று பராக்கிரமபாகு என்ற பெயரில் பி625 என்ற எண்ணோடு ஓடுகிறது. நீளம் 112 மீட்டர். ஏடன் வளைகுடாப் பயணங்கள் தொடங்குவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முந்தைய தலைமுறை அது. அந்த வயதுக் கப்பலை வாங்கும் எந்தக் கடற்படையும் ஆயுதத்துக்கு முன் பார்க்க வேண்டியது குளிர்நீர் இயந்திரத்தின் குழாய்களையும், கேபின் பலகைக்குப் பின்னால் இருக்கும் கல்பஞ்சையும், சமையற்கூடத்து எண்ணெய்க் குழாயையும்தான்.